வெசனமும் ரோசனையும்

காரமடைப் பக்கத்தில் பேச்சுவாக்கில் 'மனச்சோர்வு' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது பத்திரிகைச் சொல். 'டிப்ரெஷன்' கல்லூரிப் பிள்ளைகளின் சொல். பெரியவர்களிடம் புழங்குவது வேறு இரண்டு: வெசனம், ரோசனை. வியசனம் தேய்ந்து வெசனமானது. யோசனை திரிந்து ரோசனையானது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. எழவு விழுந்த வீட்டில் இருப்பது வெசனம். காரியமெல்லாம் முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும், அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் ஒருத்தி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், "அந்தப் புள்ள ஒரே ரோசனையா இருக்குதுங்க" என்பார்கள். வெசனத்துக்குக் காரணம் கேட்பார்கள். ரோசனைக்குக் கேட்பதில்லை. "ரோசனை பண்ணாத கண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சொல்வது சுலபம். எப்படிப் பண்ணாமல் இருப்பது? அதற்கு ஒரு வழிமுறையை வடித்தவர்கள் மூன்று உளவியலாளர்கள்: டொராண்டோவின் சிண்டெல் சீகல், அப்போது வேல்ஸின் பாங்கரில் இருந்த மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல். அவர்களது சிகிச்சைக் கையேடு 2002-இல் வந்தது. பொது வாசகருக்கென, ஜான் கபாட்-சின்னையும் சேர்த்துக்கொண்டு, 2007-இல் 'தி மைண்ட்ஃபுல் வே த்ரூ டிப்ரெஷன்' எழுதினார்கள். இந்த இரண்டாவது புத்தகத்தை இரண்டு மூன்று முறை படித்துவிட்டேன். நல்ல புத்தகம். நேர்மையான புத்தகமும்கூட, பெரும்பாலான இடங்களில். எனக்கு அதோடு உள்ள வழக்கு அதன் அட்டையில் தொடங்குகிறது. அதற்கு வருமுன் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை மனச்சோர்வு வரும்போது பெரும்பாலும் பெரிதாக ஒன்று நடந்திருக்கும்: சாவு, பிரிவு, வேலை போனது. இரண்டாம் முறைக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்றாம் நான்காம் முறைகளில் சாதாரணமான ஒரு சாயங்கால வாட்டமே போதும். மழைக்காலத்தில் இட்டேரியில் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்துவிட்டால் பிறகு எந்த வண்டி வந்தாலும் சக்கரம் அந்தப் பள்ளத்தில்தானே இறங்கும், அப்படி. ஒருமுறை வந்தவர்களில் பாதிப்பேருக்கு மறுபடி வரும், இரண்டு முறை வந்தவர்களில் எழுபது விழுக்காட்டினருக்கு, மூன்று முறை வந்தவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினருக்கு என்று பாடநூல்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு.

டீஸ்டேலின் கருத்துப்படி, திரும்ப வரும் நோயாளிக்கு ஆபத்து அந்த வாட்டத்தில் இல்லை. வாட்டத்தை யோசித்தே தீர்த்துவிடலாம் என்று மனம் இறங்குவதில் இருக்கிறது. "ஏன் எனக்கு மட்டும் இப்படி? எங்கே தப்புப் பண்ணினேன்? போன தடவை மாதிரியே ஆகிவிடுமோ?" கேள்வி கேள்வியாகத் தோண்டத் தோண்டப் பள்ளம் ஆழமாகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ரூமினேஷன்' என்று பெயர். மாடு அசைபோடுவதிலிருந்து வந்த சொல். தமிழில் இதை 'அசைபோடுதல்' என்று பெயர்த்தால் காரியம் கெட்டுவிடும். நம்மிடம் அசைபோடுவது இனிப்பான வேலை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பழைய நினைவுகளை அசைபோடுவார். தவிர, மாடு அசைபோட்டால் தீனி செரிக்கிறது. இங்கே எவ்வளவு மென்றாலும் எதுவும் செரிப்பதில்லை. இதற்குச் சரியான சொல் ரோசனைதான். அகராதிக்காரர்கள் கொங்குப் பக்கம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, வெசனம் ரோசனையாக மாறும் இடத்தில் ஒரு கையைக் குறுக்கே நீட்டுவது இந்தச் சிகிச்சை. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேர வகுப்பு, எட்டு வாரம். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி, வாரத்தில் ஆறு நாள். உடம்பைக் கால்விரலிலிருந்து உச்சிவரை கவனித்தல், மூச்சைக் கவனித்தல், மூன்று நிமிட மூச்சு இடைவேளை. பயிற்சிகளின் பெரும்பகுதி கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வார வகுப்பிலிருந்து வந்தது. முதலில் இவர்கள் தியானத்தை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பாமல் இருக்க அறிவாற்றல் சிகிச்சையைச் சுருக்கி ஒரு வடிவம் செய்து தாருங்கள் என்று ஓர் அறக்கட்டளை கேட்டிருந்தது. அதைச் செய்யப்போய், சொல்லித் தருபவர் தானே உட்கார்ந்து பழகாவிட்டால் இது எடுபடாது என்று கண்டுகொண்டார்கள். அந்தத் தயக்கத்தையும் மனமாற்றத்தையும் கையேட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பக்கங்கள் அவை.

2000-ஆம் ஆண்டு முதல் ஆய்வு வெளியானது. மூன்று ஊர்களில் 145 பேர், எல்லோரும் அப்போதைக்கு நோய் தீர்ந்து நலமாக இருந்தவர்கள். மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு ஓர் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நோய் திரும்பியது. வகுப்புக்கு வந்தவர்களில் 37 விழுக்காடு. பெரிய வித்தியாசம். ஆனால் இரண்டே முறை வந்தவர்களுக்கு இதனால் பயன் எதுவும் தென்படவில்லை. ஹெலன் மாவும் டீஸ்டேலும் 2004-இல் மறுபடி செய்து பார்த்தார்கள். அதே முடிவு: மூன்றோ அதற்கு மேலோ முறை வந்தவர்களில் 78 விழுக்காடு 36 ஆகக் குறைந்தது, இரண்டு முறைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த முறை காரணத்தையும் துருவினார்கள். வெளியே பெரிதாக ஒன்றும் நடக்காமலேயே தானாகத் திரும்பும் மனச்சோர்வைத் தடுப்பதில்தான் இந்தச் சிகிச்சை கெட்டி. வாழ்க்கையில் ஓர் அடி விழுந்து அதன் பின்னால் வரும் மனச்சோர்வுக்கு இது பெரிதாக உதவவில்லை.

ஊர்மொழியில் சொன்னால்: ரோசனைக்கு மருந்து, வெசனத்துக்கு அல்ல. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஆட்களேதான்.

இனி அட்டைக்கு வருவோம். 2007 புத்தகத்தின் துணைத்தலைப்பு, நாட்பட்ட மகிழ்ச்சியின்மையிலிருந்து உங்களை விடுவித்துக்கொள்வது பற்றிப் பேசுகிறது. மூன்று முறை நோயில் விழுந்து எழுந்தவர் என்ற ஆள் அட்டையில் இல்லை. மகிழ்ச்சி இல்லாத யாரும் அந்த இடத்தில் உட்காரலாம். உள்ளே, நோயின் உச்சத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குவது நல்லது என்று எச்சரிக்கை உண்டு. அட்டையைப் பார்த்து வாங்குகிறவர் அதைத் தாண்டித்தான் போவார். 2011-இல் மார்க் வில்லியம்ஸ் டேனி பென்மனோடு எழுதிய அடுத்த புத்தகத்தில் வாசகர், பரபரப்பான உலகில் அமைதி தேடும் எல்லோரும். அதே எட்டு வாரம். அதற்கும் பிறகு பிரிட்டனின் பள்ளிக்கூடங்கள். 8,000-க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது: வகுப்பறையில் எல்லோருக்குமாகச் சொல்லிக் கொடுத்ததில் பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நோய் திரும்பும் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டுப் பொருந்தவில்லையே என்று பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? தோல்வியையும் அந்த ஆய்வாளர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

'யாருக்கு' என்ற அந்தச் சின்ன விவரம் இப்படித் துணைத்தலைப்புகளில் உதிர்ந்து உதிர்ந்து, கைப்பேசிச் செயலிகள் வழியாக நம் ஊருக்கு வந்து சேரும்போது சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. வந்து சேர்ந்த இடமும் சாதாரண இடமில்லை. கோவை மாவட்டத்தில் தியானம் சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரம், தெற்கே ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில், நடுவில் ஊருக்கொரு மனவளக்கலை மன்றம். மில் தொழிலாளி, கறிவேப்பிலைத் தோட்டக்காரர், வங்கி அதிகாரி என்று எல்லா வகையிலும் 'தவம்' பண்ணுகிறவர்கள் உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு நல்ல தூக்கம் கிடைத்திருக்கிறது. ஆனால் மனநோய்க்குத் தியானம் என்ற பேச்சு வந்ததும், காலங்காலமாக இருந்த பழைய நம்பிக்கையோடு அது ஒட்டிக்கொண்டது: மனசைக் கட்டத் தெரியாதவனுக்குத்தான் இந்த நோயெல்லாம்.

என் பெரியம்மா மகள் ஒருவர் இருக்கிறார். அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். முதல் முறை இரண்டாவது குழந்தை பிறந்தபோது. இரண்டாம் முறை மாமாவின் மில் மூடி, நகையெல்லாம் அடகுக்குப் போனபோது. மூன்றாம் முறை, கடன் அடைந்து, பெரியவள் கல்லூரியில் சேர்ந்து, மாசிமகத் தேர் நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் ஊட்டில் நிறைந்திருந்த சமயம். பந்த சேவை பார்க்க எல்லோரும் அரங்கநாதர் கோயிலுக்குக் கிளம்ப, இவர் மட்டும் புறக்கடையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார் பிறகு. டீஸ்டேல் தேடிய நோயாளி சரியாக இவர்தான்.

கோவையில் மனநல மருத்துவரிடம் மாத்திரை சாப்பிட்டுத் தேறியபின் அக்கா ஒரு தியான வகுப்புக்குப் போனார். பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, "இதைப் பண்றவங்களுக்கு மாத்திரை எதுக்குங்க?" என்றார். அக்கா ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். நாலு மாதத்தில் நோய் திரும்பியது. அந்த நாலாவது முறை முந்தைய மூன்றையும்விட மோசமாக இருந்ததற்கு அவர் சொன்ன காரணத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை: "முன்னெல்லாம் எதை எதையோ ரோசனை பண்ணுவேன். இந்தத் தடவை, தியானங்கூட எனக்கு வரலையே, நான் அவ்வளவு பாவியான்னு அதையே ரோசனை பண்ணிட்டுக் கெடந்தேன்." அணைக்க ஊற்றியதே எண்ணெயாகிவிட்டது.

மாத்திரையைப் பற்றி ஆய்வு சொல்வது வேறு. 2015-இல் வில்லெம் கைக்கனும் மற்றவர்களும் இங்கிலாந்தில் 424 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பாதியினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறு பாதியினர் இந்த வகுப்புக்கு வந்து, மருத்துவரின் துணையோடு மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது முறையே 47, 44 விழுக்காட்டினருக்கு. வகுப்பு மாத்திரையை வென்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வெல்லும் என்று பார்க்கத்தான் ஆய்வு தொடங்கியது, வெல்லவில்லை. ஏறக்குறைய சமம், அவ்வளவே. அதிலும் 'மருத்துவரின் துணையோடு', 'கொஞ்சங்கொஞ்சமாக' என்பவைதான் உயிர். வகுப்புத் திண்ணையில் முதலில் கழன்று விழுவதும் அவைதான். தேசிய மனநல ஆய்வு 2015-16 கணக்குப்படி இந்தியாவில் மனச்சோர்வு நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை. மாத்திரை வரைக்கும் வந்து சேர்ந்த கொஞ்சப் பேரையும் அதிலிருந்து விரட்டுவது எந்தத் தவத்தில் சேர்த்தி?

இது வாங்கிக்கொண்டவர்களின் பிழை, புத்தகத்தின் பிழை ஆகாது என்று வாசகர் சொல்லலாம். சரி, புத்தகத்துக்கே வருகிறேன். ஆறாவது வாரத்தின் பாடம், எண்ணங்கள் உண்மைகள் அல்ல என்பது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தை வானத்தில் போகும் மேகத்தைப் போலப் பார்த்துவிட்டுப் போக விடு என்கிறார்கள். லாயக்கில்லை என்ற எண்ணத்துக்கு இது மிகவும் சரி. ஆனால் 'வியாழக்கிழமை குழுக்கடன் தவணைக்கு ஆள் வருவான்' என்பதும் ஓர் எண்ணம்தான், அது உண்மையும்கூட. 'இந்த வீட்டில் நான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்' என்பது நோய் பேசுவதா, இருபது வருட அனுபவம் பேசுவதா? இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் ஒரே மேகக்கூட்டத்தில் சேர்த்தால், வெளியே இருக்கும் அநியாயம் பெண்ணின் மண்டைக்குள் நடக்கும் வானிலை ஆகிவிடும். 2004 ஆய்வு அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியது. 2007 புத்தகம் அதை அழித்தேவிட்டது என்று சொல்லமாட்டேன், மங்கலாக்கிவிட்டது.

பெண் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஒன்பது ஆய்வுகளின் 1,258 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து 2016-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அறுபது வாரத்துக்குள் நோய் திரும்பியது, வகுப்புக்கு வந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு, வராதவர்களில் 49. முதல் ஆய்வின் அளவுக்கு இல்லாவிட்டாலும் குறைத்துப் பேச முடியாத பலன். அந்த 1,258 பேரில் முக்கால்வாசி பெண்கள். சராசரி வயது 47. அக்காவின் வயதும் ஏறத்தாழ அதுதான். ஆய்வுகள் நடந்ததெல்லாம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும். அந்த ஊர்ப் பெண்ணுக்கும் முக்கால் மணி நேரம் சும்மா கிடைப்பதில்லை, தெரியும். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையாவது இருக்கும். முதல் வாரப் பயிற்சி மல்லாந்து படுத்துக்கொண்டு செய்வது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் பகலில் படுத்தாலே, "என்னாச்சு அம்முணி, மேலுக்குச் செரியில்லையா?" என்று மாமியார் வந்து நிற்பார். ஏற்கெனவே மூன்று முறை நோயில் விழுந்தவள் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் பகலில் படுப்பதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒரே நோய்க்குறி. உடனே ஊருக்கெல்லாம் போன் பறக்கும். நோயைத் தடுக்கும் பயிற்சியும் நோயின் அடையாளமும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும் வீட்டில் இதை எப்படிப் பழகுவது? கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. அது எழுதப்பட்ட ஊரில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

உலர்திராட்சை விஷயமும் அப்படி. முதல் வகுப்பில் ஆளுக்கொரு உலர்திராட்சையைக் கொடுத்து, அதை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வார்கள். எவ்வளவு காரியங்களை மனம் இல்லாமலே செய்கிறோம் என்று உணர்த்துவதற்கு. இங்கே யாராவது புத்திசாலித்தனமாக, உள்ளூர்ப் பொருளாக இருக்கட்டும் என்று கறிவேப்பிலையைக் கொடுக்கக்கூடும். விடிகாலையிலிருந்து கூலிக்குக் கறிவேப்பிலை பறித்துவிட்டு வந்தவரிடம் போய் அதை முதல்முறை பார்ப்பதுபோலப் பாருங்கள் என்றால், சிரிப்பார். திராட்சையே இருக்கட்டும்.

பெயர்ச் சிக்கலும் உண்டு. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்பதற்கு விழிப்புணர்வு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை ஹெல்மெட் பேரணிக்கும் டெங்கு ஒழிப்புக்கும் கொடுத்தாகிவிட்டது. திரும்ப வாங்க முடியாது. 'மனமுழுமை' அழகாக இருக்கிறது, ஆனால் மனம் உடைந்தவரிடம் சொல்லக் கூசும் சொல். பௌத்தத்தின் எண்வழியில் வரும் 'சம்மா சதி'க்குத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்று ஒரு பெயர்ப்பு உண்டு. எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலியின் சதி, வடமொழியின் ஸ்மிருதி. வேரில் நினைவு என்று பொருள். தமிழின் கடைப்பிடிக்கும் பழைய உரைகளில், கொண்டதை மறவாமல் இருப்பது என்றே பொருள். இரண்டிலும் நினைவு இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு வேண்டியதும் அதுதான்: போன தடவை எப்படித் தொடங்கியது என்பதை, நலமாக இருக்கும்போது மறக்காமல் இருப்பது. (பழைய இலக்கணக்காரர்கள் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி நான்கையும் ஆணின் குணங்கள் என்று எழுதிவைத்தார்கள். பெண்ணுக்கு அச்சமும் நாணமும். முக்கால்வாசி நோயாளிகள் பெண்கள் என்ற கணக்கோடு சேர்த்து அதைப் படித்துக்கொள்ளலாம்.)

வெசனத்துக்கு என்ன வழி என்று கேட்டால், கோவாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் லான்செட்டில் வந்தது. உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, ஆறிலிருந்து எட்டு முறை நோயாளியோடு உட்கார்ந்தார்கள். நின்றுபோன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைப்பது, தீர்க்கக்கூடிய பிரச்சினைக்குத் தீர்வு தேடுவது. மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. அது நோயில் இருப்பவருக்கான சிகிச்சை, இது நலமாக இருப்பவருக்கான காப்பு; இரண்டையும் போட்டி போட வைப்பது தப்பு. காரமடை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எது முதலில் வரவேண்டும் என்றால், நான் கோவாவையே சொல்வேன். மூன்று முறை விழுந்து எழுந்தவர்களுக்கு அதற்கு அடுத்ததாக இது. அதுவும் மாத்திரை எழுதும் மருத்துவருக்குத் தெரிந்து.

கையேட்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துவரலாம் என்றால், திராட்சையையும் மேகத்தையும் விட்டுவிட்டு ஏழாவது வாரத்தை எடுப்பேன். அந்த வாரம் ஒவ்வொருவரும், தனக்கு நோய் திரும்பும்போது முதலில் என்னென்ன மாறுகிறது என்று பட்டியல் எழுதவேண்டும். பிறகு, அது தெரிந்ததும் என்ன செய்வது என்று தனக்குத்தானே ஒரு கடிதம் மாதிரி. புத்தகத்தில் இது பெரும்பாலும் தனி ஆளின் வேலை. அக்கா இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், காலையில் பத்து நிமிடம் உட்காரவும் செய்கிறார். போன வருடம் அவரும் பெரியவளும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினார்கள். பாதிக்கு மேல் மகள் சொன்னதுதான், அக்காவுக்கே தெரியாதவை. பூ வாங்குவதை நிறுத்திவிடுவார். சீரியல் ஓடும், பார்க்கமாட்டார். போன் அடித்தால் எடுக்காமல் திருப்பிக் கவிழ்த்து வைப்பார். குழம்புக்கு உப்புப் பார்க்க இன்னொருவரைக் கூப்பிடுவார். விடிகாலை மூணு மணிக்கு வாசல் லைட் எரியும். இதில் எது இரண்டு சேர்ந்து வந்தாலும் மகள் மருத்துவருக்குப் போன் செய்யவேண்டும், அம்மாவிடம் காரணம் கேட்கக்கூடாது. கடைசி வரியை அக்காவே எழுதச் சொன்னாராம். தாள் மாமாவின் மருந்துச் சீட்டுகளோடு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. மாமா அதை இன்னும் படிக்கவில்லை.